பூட்டு விற்றால் நாடு வளருமா? குற்றமும் பொருளாதாரமும்

திருடன் இல்லாவிட்டால் பூட்டுச் செய்பவருக்கு ஏது பிழைப்பு? போலீஸ், வக்கீல், நீதிபதி, சிறைக் காவலர், கேமரா விற்பவர், காப்பீட்டு முகவர் என்று குற்றத்தை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது! 1860-களின் தொடக்கத்தில் கார்ல் மார்க்ஸ் தன் குறிப்பேடுகளில் இந்த வாதத்தை அழகாக எழுதி வைத்திருக்கிறார். கவிஞர் கவிதையை உற்பத்தி செய்வதுபோல் குற்றவாளி குற்றத்தை உற்பத்தி செய்கிறார். கூடவே குற்றவியல் சட்டத்தையும், அதைக் கற்பிக்கும் பேராசிரியரையும், அவர் விற்கும் பாடநூலையும் உற்பத்தி செய்கிறார். திருடர்கள் இல்லாமல் பூட்டு இத்தனை நேர்த்தியை எட்டியிருக்குமா என்றும் கேட்கிறார். அத்தனையும் கிண்டல். எந்தத் தொழிலாக இருந்தாலும் அது உற்பத்திதான் என்று பேசிய அறிஞர்களைச் சீண்ட எழுதியது. அதை மெய்யென்று நம்பி மேற்கோள் காட்டுபவர்களும் உண்டு.

கிண்டலுக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. குற்றத்தால் பணம் புரளத்தான் செய்கிறது. பணம் புரண்டால் பொருளாதாரம் வளர்ந்ததாகத்தானே செய்தியில் சொல்கிறார்கள்? அப்படியானால் தப்பு எங்கே?

உடைந்த கண்ணாடி

1850-ல் பிரெஞ்சுப் பொருளியலாளர் பாஸ்தியா இதற்கு ஒரு சின்ன உதாரணம் சொன்னார். கடைக்காரரின் மகன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். மாற்ற 6 ஃபிராங்க் செலவு. கண்ணாடிக்காரருக்கு வேலை கிடைத்ததே என்று வேடிக்கை பார்ப்பவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் கடைக்காரர் அந்த 6 ஃபிராங்கில் ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருப்பார். செருப்புத் தைப்பவரின் இழப்பு யார் கண்ணிலும் படவில்லை. உடையாமல் இருந்திருந்தால் கண்ணாடியும் செருப்பும் இருந்திருக்கும். இப்போது கண்ணாடி மட்டும்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாட்டில் கடும் மந்தம். கண்ணாடிக்காரர் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரரோ அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் பூட்டி வைத்திருக்கிறார். அப்போது கண்ணாடி உடைந்தால் அந்த ஆண்டின் உற்பத்தி உண்மையிலேயே கொஞ்சம் கூடலாம். பாடநூல் ரீதியாக இது சரி. ஆனால் சும்மா இருப்பவருக்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம் என்றால், உடையாத வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னாலும் அதே வேலை கிடைக்கும். உடைப்பது அதில் அவசியமான படி அல்ல.

ஜிடிபி எதை எண்ணுகிறது, எதை விடுகிறது

குழப்பத்தில் பாதி, மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற ஜிடிபியால் வருவது. ஒரு காலகட்டத்தில் புதிதாக உருவான பொருள், சேவைகளின் மதிப்பை அது கூட்டுகிறது. ஏற்கெனவே இருந்த சொத்து எவ்வளவு அழிந்தது, மக்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பது அதன் வேலை அல்ல. வருமானத்தைப் பார்த்துவிட்டு கையிருப்பைப் பார்க்காத கணக்குப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

விவரத்துக்குள் போனால் இன்னும் வினோதம். உங்கள் வீட்டுக் கதவுக்கு நீங்கள் ஒரு பூட்டு வாங்கினால் அது வீட்டு நுகர்வு, ஜிடிபியில் ஏறும். அதே பூட்டை ஒரு தொழிற்சாலை தன் கிடங்குக்கு வாங்கினால் அது பெரும்பாலும் உற்பத்திச் செலவு. தொழிற்சாலை விற்கும் சரக்கின் மதிப்பிலிருந்து கழிந்துவிடும். இரவுக் காவலுக்கு அந்தத் தொழிற்சாலை கொடுக்கும் கட்டணமும் அப்படியே. போலீசுக்கு அரசு செலவழிப்பது அரசின் நுகர்வாக முழுதாக ஏறும். அதுவும், சேவையின் பலனைக் கொண்டு அல்ல, அதற்கு ஆன செலவைக் கொண்டு மதிப்பிடப்படும். குற்றம் பெருகி இரண்டு மடங்கு போலீஸ் வைத்தால், தெரு பழையபடி பாதுகாப்பாக ஆனாலும் ஆகாவிட்டாலும், கணக்கில் சேவை கூடியதாகவே பதிவாகும்.

திருட்டு? திருட்டு ஜிடிபியில் வராது. நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறை சொல்லும் விதி எளிது: இரு தரப்பும் சம்மதித்துச் செய்யும் பரிவர்த்தனைதான் கணக்கில் சேரும், அது சட்டவிரோதமாக இருந்தாலும் சரி. திருட்டில் ஒரு தரப்பின் சம்மதம் இல்லை. அதனால் பர்ஸை அடித்தவரின் ‘வருமானம்’ வருமானமே அல்ல. கடை அலமாரியிலிருந்து தொடர்ந்து களவு போகும் சரக்கு, கெட்டுப்போன சரக்கைப் போலவே இருப்பிலிருந்து கழிக்கப்படும். அதாவது அது கடையின் உற்பத்தியைக் குறைக்கும். ஆனால் போதைப்பொருள் விற்பனையில் வாங்குபவர், விற்பவர் இருவரும் சம்மதித்தே கை நீட்டுகிறார்கள். ஆகவே அது சேரும்.

2014 செப்டம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் இப்படித்தான் போதைப்பொருள், பாலியல் தொழில், கடத்தல் ஆகியவற்றையும் மதிப்பிட்டுச் சேர்க்கத் தொடங்கின. அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டன் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2009-ல் பாலியல் தொழில் 530 கோடி பவுண்டு, போதைப்பொருள் 440 கோடி பவுண்டு. யாரும் ரசீது கொடுக்காத வியாபாரத்தை எப்படிக் கணக்கிட்டார்கள்? எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், ஆளுக்குச் சராசரி எவ்வளவு, தெருவில் என்ன விலை, சரக்கில் எத்தனை சதவீதம் சுத்தம். இவற்றைப் பெருக்கிப் பார்த்தார்கள். கலப்படம் அதிகமாக இருந்தால் இறக்குமதி செய்த சரக்கு அந்த அளவுக்குக் குறைவு. விற்பனையாளரின் மதிப்புக் கூட்டல், அதாவது வாங்கிய விலைக்கு மேல் அவர் சேர்த்தது, அந்த அளவுக்கு அதிகம்! இந்தத் தொகை சேர்ந்த மறுநாள் பிரிட்டனில் யாருடைய வாழ்வும் ஒரு பென்னி அளவுக்குக்கூட உயரவில்லை. முன்பு எண்ணாமல் விட்டதை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

ஒரு பைக் களவு போனால்

இனி ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். உரிமையாளருக்கு 100 மதிப்புள்ள ஒரு மோட்டார் பைக். பணம் எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும்.

திருடியவர் அதைத் திருட்டுப் பொருள் வாங்குபவரிடம் 30-க்குத் தள்ளுகிறார். ஆவணம் இல்லாத வண்டிக்கு அதற்கு மேல் யாரும் கொடுக்க மாட்டார்கள். வாங்கியவர் அதைப் பிரித்து உதிரி பாகங்களாக 45-க்கு விற்கிறார். அந்தப் பாகங்களை வாங்கியவர்களுக்கு அவை 60 மதிப்புக்கு உதவுகின்றன.

இப்போது கூட்டுங்கள். திருடியவருக்கு 30. பிரித்தவருக்கு 15. பாகம் வாங்கியவர்களுக்கு மலிவாகக் கிடைத்த லாபம் 15. மொத்தம் 60. உரிமையாளர் இழந்தது 100. மீதி 40 யார் பையிலும் இல்லை, காற்றில் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த முழு வண்டி உதிரியாகும்போது, அதன் பிளாஸ்டிக் மூடிகளும் ஒயர்களும் எண் பொறித்த சட்டமும் குப்பைக்குப் போகும்போது கரையும் மதிப்பு அது. இதோடு திருடியவர் நோட்டம் விட்ட இரவுகள், பிரித்தவரின் உழைப்பு, உரிமையாளர் காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் அலைந்த நாட்கள், புகாரை எழுதிய காவலரின் நேரம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். இவர்கள் எல்லோரும் வேறு ஏதாவது செய்திருக்கக்கூடியவர்கள்.

இங்கேதான் தொடக்க நிலை மாணவர்கள் இரண்டு திசையிலும் சறுக்குவார்கள். ‘நூறும் நாட்டுக்கு நஷ்டம்’ என்பது ஒரு சறுக்கல். 60 கை மாறியிருக்கிறது, அழியவில்லை. ‘பணம் எங்கேயும் போகவில்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத்தானே போனது’ என்பது இன்னொன்று. 1967-ல் கோர்டன் டல்லக் என்ற பொருளியலாளர் இதைத் துல்லியமாகப் பிடித்தார்: திருட்டு வெறும் கைமாற்றம்தான் என்றாலும், அந்தக் கைமாற்றத்தை நடத்தவும் தடுக்கவும் இரு தரப்பும் செலவழிக்கும் வளம் முழு நஷ்டம். திருடுபவர் கடப்பாரை வாங்குகிறார், வீட்டுக்காரர் இரும்புக் கதவு போடுகிறார், அவர் வெட்டும் கருவி வாங்குகிறார், இவர் கேமரா வைக்கிறார். இந்தப் போட்டி முடியும்போது இருவரும் சேர்ந்து ஒரு கைப்பிடி தானியம்கூடக் கூடுதலாக விளைவித்திருக்க மாட்டார்கள்.

காப்பீடு இருந்தால் நஷ்டம் இல்லையே என்பார்கள். காப்பீடு நஷ்டத்தை அழிப்பதில்லை. பிரீமியம் கட்டும் எல்லோருக்கும் பங்கு போடுகிறது, அதோடு பங்கு போடுவதற்கான நிர்வாகச் செலவையும் தலையில் கட்டுகிறது.

சங்கிலியும் ஒளிந்திருக்கும் கருவியும்

அந்தப் பைக் களவு போனதைக் கேள்விப்பட்டுத் தெருவில் பத்துப் பேர் ஆளுக்கு 5 கொடுத்துச் சங்கிலி வாங்குகிறார்கள் என்று வைப்போம். 50 செலவு. களவில் கரைந்த 40-ஐவிட, களவுக்குப் பயந்த செலவு பெரிது. உண்மையான பொருளாதாரங்களிலும், நடந்த குற்றத்தோடு நடக்காமலிருக்க ஆகும் செலவையும் சேர்க்காமல் கணக்கு முடிவதில்லை.

அதிலும் கண்ணுக்குத் தெரியும் சங்கிலிக்கு ஒரு கோளாறு: அது திருடனை விரட்டுவதில்லை, அடுத்த வண்டிக்கு அனுப்பிவைக்கிறது. எனக்கு நன்மை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீமை. அவரும் வாங்க வேண்டியதாகிறது. எல்லோரும் வாங்கியபின் நிலைமை ஏறக்குறைய பழையபடி.

ஒளிந்திருக்கும் பாதுகாப்பு இதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் லோஜாக் என்ற கருவி காருக்குள் வெளியே தெரியாமல் பொருத்தப்பட்டது; கார் களவு போனால் ரேடியோ சமிக்ஞை மூலம் போலீஸ் அதைத் தேடிப் பிடித்தது. எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. அதனால் எந்தக் காரைத் தொடவும் பயம். சிக்னலைத் தொடர்ந்து போனால் ஒரு காரோடு, கார்களைப் பிரித்து விற்கும் பட்டறையே சிக்கிவிடும். இதை ஆராய்ந்த அயர்ஸ், லெவிட் இருவரும் 1998-ல் வெளியிட்ட முடிவு: கருவி பொருத்தியவருக்குக் கிடைத்தது மொத்த நன்மையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மீதியெல்லாம் பொருத்தாதவர்களுக்கு. ஆகவே மக்கள் தாங்களாக வாங்கும் அளவு, சமூகத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே இருக்கும். சங்கிலியை அளவுக்கு மேல் வாங்குகிறோம், ஒளிந்த கருவியை அளவுக்குக் கீழ் வாங்குகிறோம். பாதுகாப்புச் செலவை முழுக்கத் தனி நபர் கையில் விட்டால் நேரும் கோணல் இது.

நடக்காமல் போனது

திருட்டைவிடப் பெரிய நஷ்டம் எந்தக் கணக்கேட்டிலும் வராது: தொடங்கப்படாத தொழில். மாமூல் வசூலிக்கும் கும்பல் ஓர் இடத்தில் காலூன்றினால், அங்கே தொழில் செய்பவர் பெரிதாக வளர்ந்து கண்ணில் படத் தயங்குவார். இரண்டாவது கிளை திறக்க மாட்டார்; இயந்திரம் வாங்குவதற்குப் பதில் எளிதில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய சொத்தாகச் சேர்ப்பார். கும்பலின் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்க நடத்தும் கடை இன்னொரு தொல்லை. அதற்கு லாபம் வேண்டியதில்லை, விற்றதாகக் கணக்குக் காட்டினால் போதும். அடக்க விலைக்கும் கீழே விற்கும் அந்தக் கடையோடு நேர்மையான வியாபாரி எந்த ஜென்மத்தில் போட்டி போடுவது?

இல்லாத ஒன்றை அளப்பது எப்படி? இத்தாலிப் பொருளியலாளர் பாவ்லோ பினோட்டி செய்த வேலை இதற்கு நல்ல பாடம். தென் இத்தாலியில் பூலியா, பசிலிக்காத்தா இரண்டு மாகாணங்களிலும் 1970-களுக்கு முன் மாஃபியா பெரிதாக இல்லை, பிறகு பரவியது. மாஃபியா இல்லாத மற்ற மாகாணங்களைப் பல விகிதத்தில் கலந்து, அதுவரை இந்த இரண்டைப் போலவே வளர்ந்துவந்த ஒரு ‘கற்பனை மாகாணத்தை’ அவர் உருவாக்கினார். பிறகு, பரவலுக்குப்பின் உண்மையானது எப்படிப் போனது, கற்பனையானது எப்படிப் போனது என்று ஒப்பிட்டார். முப்பது ஆண்டுகளில் உண்மையானதன் தலா ஜிடிபி கற்பனையானதைவிட ஏறத்தாழ 16 சதவீதம் கீழே இருந்தது. தனியார் முதலீடு சுருங்கி, அந்த இடத்தில் பலன் குறைந்த அரசு முதலீடு வந்திருந்தது.

உடனே எழும் சந்தேகம்: உற்பத்தி குறையாமல், கணக்கில் வராத நிழல் பொருளாதாரத்துக்கு நகர்ந்திருந்தால்? அவர் மின்சாரப் பயன்பாட்டைப் பார்த்தார். ரகசியப் பட்டறையும் மின்சாரத்தில்தான் ஓட வேண்டும். மின்சாரமும் அதேபோல் குறைந்திருந்தது. 2015-ல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த மின்சாரச் சோதனைதான்.

சட்டமே கோணலாக இருந்தால்?

‘குற்றம்’ என்பது சட்டம் வைத்த பெயர். சட்டம் மாறினால் பட்டியலும் மாறும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மது விற்பது குற்றம். அதற்கு முன்பும் பின்பும் அது வரி கட்டும் தொழில். இரு தரப்பும் விரும்பிச் செய்யும் ஒரு வியாபாரத்தைச் சட்டம் தடுத்தால், அதை மீறுபவர் வாங்குபவருக்கு ஏதோ ஒரு பயனைத் தருகிறார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நிழலில் நடக்கும் வியாபாரம் விலை உயர்ந்தது. ஒப்பந்தம் மீறப்பட்டால் நீதிமன்றம் போக முடியாது, ஆகவே துப்பாக்கி பேசும். சரக்கின் தரத்தைச் சோதிக்க ஆள் கிடையாது, ஆகவே விஷச் சாராயம். மறைத்துக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் சிறிய அளவில் வீரியம் கூடிய சரக்கே லாபம். இந்த நஷ்டங்களில் எவ்வளவு மதுவுடையது, எவ்வளவு தடையுடையது என்று பிரித்துப் பார்க்காமல் ‘குற்றத்தின் நஷ்டம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது பிழை.

லஞ்சத்துக்கும் இதே போல ஒரு வக்காலத்து உண்டு: துருப்பிடித்த அரசு இயந்திரத்துக்கு லஞ்சம் எண்ணெய் என்று 1960-களில் சிலர் எழுதினார்கள். ஒரே ஒரு கோப்பின் அளவில் பார்த்தால் உண்மைதான், பணம் கொடுத்தவரின் கோப்பு நகர்கிறது. ஆனால் தாமதம் விற்பனைப் பொருளாகிவிட்டால், அதிகாரி ஏன் அதன் உற்பத்தியைக் குறைப்பார்? 1999-ல் காஃப்மன், வெய் இருவரும் பல நாட்டு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அதிகம் லஞ்சம் கொடுத்த நிறுவனங்களின் மேலாளர்களே அரசு அதிகாரிகளோடு அதிக நேரம் செலவிடுவதைக் கண்டார்கள். எண்ணெய் ஊற்ற ஊற்றத் துரு கூடியது.

குற்றமே இல்லாத நாடு லாபமா?

இதற்குப் பொருளியலாளர் தரும் பதில் பலருக்குப் பிடிக்காது: இல்லை. கடைசி ஒரு திருட்டையும் தடுக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு காவலர் தேவை. தடுக்க ஆகும் செலவு, தடுத்த நஷ்டத்தைத் தாண்டும் இடத்தில் நிறுத்துவதே சிக்கனம். 1968-ல் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் இதை முறையான கோட்பாடாக்கினார். பல்கலைக்கழகத்தில் தேர்வு நடத்த நேரமாகிவிட்ட ஒருநாள், தூரத்தில் காசு கொடுத்து வண்டியை நிறுத்துவதா, தடை செய்த இடத்தில் நிறுத்தி அபராதத்துக்குத் துணிவதா என்று அவர் கணக்குப் போட்டதில் தொடங்கியது அந்த யோசனை. துணிந்தார், மாட்டவில்லை. குற்றம் செய்பவர் மனத்தில் இரண்டு எண்கள் பெருக்கப்படுகின்றன: பிடிபடும் வாய்ப்பு, பிடிபட்டால் தண்டனை. காகிதத்தில் இரண்டும் சமம். பத்தில் ஒரு வாய்ப்பும் பத்து ஆண்டும், பத்தில் ஐந்து வாய்ப்பும் இரண்டு ஆண்டும் ஒரே பெருக்கல்தான். நடைமுறையில் பிடிபடும் உறுதி தண்டனையின் நீளத்தைவிட அதிகம் தடுக்கிறது. பத்தாண்டு கழித்து வரும் துன்பத்தை, நாளையைப் பற்றியே யோசிக்காத ஒருவர் எடைபோடுவதில்லை. நீண்ட சிறைவாசத்துக்குச் செலவோ அரசின் தலையில்.

செய்தியில் வரும் தொகையைப் படிக்கும்போது

‘குற்றத்தால் இத்தனை கோடி நஷ்டம்’ என்று படித்தால், முதலில் எதைக் கூட்டினார்கள் என்று பாருங்கள். பிரிட்டன் உள்துறை 2018-ல் வெளியிட்ட கணக்கு மூன்று பெட்டிகளாக இருக்கும்: குற்றத்தை எதிர்பார்த்துச் செய்த செலவு, குற்றத்தின் விளைவு, குற்றத்துக்குப்பின் போலீஸ், நீதிமன்றம், சிறை. இங்கிலாந்து, வேல்ஸில் 2015/16-ல் தனிநபர்கள் மீதான குற்றங்களுக்கு ஏறத்தாழ 5,000 கோடி பவுண்டு, வணிகங்கள் மீதானவற்றுக்கு 900 கோடி. ஒரு கொலைக்கு 32 லட்சம் பவுண்டு, ஒரு வீட்டுத் திருட்டுக்கு 5,930 பவுண்டு.

அடுத்து, களவு போன பொருளின் விலையைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். பிரிட்டன் கணக்கு சேர்க்கிறது, பாதிக்கப்பட்டவரின் பார்வையில் அது விரும்பாத இழப்பு என்பதால். திருடியவரின் கைக்குப் போனதைக் கழித்துவிட்டுச் சுத்த நஷ்டத்தை மட்டும் காட்டும் கணக்குகளும் உண்டு. இரண்டும் வேறு கேள்விக்கான பதில்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘நஷ்டம் குறைந்துவிட்டது’ என்று எழுதினால் அது பொய்.

வலிக்கும் பயத்துக்கும் விலை வைத்தார்களா என்பதையும் கவனியுங்கள். அதே பிரிட்டன் கணக்கில், எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள வன்முறைக் குற்றங்கள் தனிநபர் குற்றச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தின்கின்றன. காரணம், உடல் காயமும் மனக் காயமும். ஜிடிபியில் இந்தக் காயங்களுக்கு வரிசையே கிடையாது. மருத்துவமனைச் செலவுக்கு மட்டும்தான் வரிசை உண்டு, அதுவும் கூட்டலில்.